அப்பாவின் மூச்சு 76 சதவீதமா, 84 சதவீதமா? ‘நார்மல்’ என்பதை யாரை வைத்து முடிவு செய்கிறார்கள்?

உடுமலை நூல்மகள்
திங்கள், இரவு 9:40

வணக்கம். அப்பாவுக்கு 52 வயது, உயரம் 165 செ.மீ. ஒரு நூற்பாலையில் 24 வருஷமாக வேலை, பெரும்பாலும் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமில்தான். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஆறு மாசமாக மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார்.

ஒரு லேபில் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி மூச்சை அளக்கும் சோதனை) எடுத்தோம். எஃப்.வி.சி. (முழுக்க இழுத்து ஊதிய மொத்தக் காற்று) 2.90 லிட்டர், எஃப்.இ.வி.1 (அதில் முதல் நொடியில் ஊதியது) 2.35 லிட்டர், இரண்டுமே 76%. கீழே ‘லேசான ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என்று, அதாவது நுரையீரலின் கொள்ளளவு குறைவு என்று, அச்சாகியிருந்தது. பயந்துபோய் பத்து நாள் கழித்து வேறு ஊரில் எடுத்தோம். அங்கே எஃப்.வி.சி. 2.89, எஃப்.இ.வி.1 அதே 2.35. ஆனால் இரண்டுமே 84%, ‘நார்மல் ஸ்பைரோமெட்ரி’ என்று வந்திருக்கிறது.

ஊதிய காற்று ஒன்றுதானே? ஒரே ஆள் எப்படி ஒரு ஊரில் நோயாளி, இன்னொரு ஊரில் ஆரோக்கியமானவர்? எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

மூச்சுமாணி
திங்கள், இரவு 10:25

தங்கச்சி, 17 வருஷமாக இந்த மெஷினோடுதான் இருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இரண்டு லேபும் நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். வேறு வேறு மெஷினில் 10 மில்லி வித்தியாசம் என்பது ஒன்றுமே இல்லை. ஒரே நாளில் ஒரே மெஷினில் ஊதினாலே சிறந்த இரண்டு முயற்சிகளுக்கு நடுவில் 150 மில்லி வரை இருக்கலாம் என்று விதியே இருக்கிறது.

வித்தியாசம் சதவீதத்தில்தான். மெஷின் அளப்பது லிட்டரை மட்டும். அப்புறம் வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை ஒரு சமன்பாட்டில் போட்டு, ‘இப்படிப்பட்ட ஆரோக்கியமான ஆளுக்கு இவ்வளவு இருக்கும்’ என்று ஓர் எண்ணைக் கணக்கிடுகிறது. உங்கள் லிட்டரை அந்த எண்ணால் வகுத்து வருவதுதான் 76, 84 எல்லாம். எந்தச் சமன்பாடு என்பது மெஷின் செட்டிங்கில் இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்தபோது என்ன இருந்ததோ அதிலேயே வருஷக்கணக்காக ஓடும் மெஷின்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டின் மேல் மூலையிலோ அடியிலோ பொடி எழுத்தில் ஏதாவது போட்டிருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள். இன்னொன்று, உயரத்தை அளந்தார்களா, கேட்டு எழுதிக்கொண்டார்களா? செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகால் சுவரில் ஒட்ட நிற்க வைத்து அளக்க வேண்டும். 3 செ.மீ. தவறினால் எதிர்பார்க்கும் அளவே ஏறத்தாழ 170 மில்லி மாறிவிடும்.

உடுமலை நூல்மகள்
திங்கள், இரவு 10:50

பார்த்துவிட்டேன் அண்ணா. இரண்டிலும் ‘ஈ.சி.எஸ்.சி.’ என்றுதான் இருக்கிறது. ஆனால் இரண்டாவதில் அதன் பக்கத்தில் 90% என்று ஒரு எண். முதலாவதில் அது 100%. உயரத்தை இரண்டு இடத்திலும் அளந்தார்கள், 165-தான்.

சராசரிப்புள்ளி
செவ்வாய், காலை 6:15

அந்த 90-தான் காரணம். கணக்கை இங்கேயே போட்டுவிடலாம். (மருத்துவப் புள்ளியியல் எனக்கு வேலை.)

ஈ.சி.எஸ்.சி. என்பது ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகம். ஆண்களுக்கான அவர்களது எஃப்.வி.சி. சமன்பாடு இது: உயரத்தை மீட்டரில் எடுத்து 5.76-ஆல் பெருக்கு, வயதை 0.026-ஆல் பெருக்கிக் கழி, அப்புறம் 4.34-ஐக் கழி. அப்பாவுக்குப் போட்டால் 9.50 கழித்தல் 1.35 கழித்தல் 4.34, அதாவது 3.81 லிட்டர். 2.90-ஐ இதால் வகுத்தால் 76%. முதல் லேப் சொன்னது இதைத்தான்.

இரண்டாவது லேப், ‘இந்தியர்களுக்கு ஐரோப்பியர்களைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்’ என்று 3.81-ஐ 0.9-ஆல் பெருக்கி 3.43 ஆக்கிவிட்டது. 2.89-ஐ 3.43-ஆல் வகுத்தால் 84%. நுரையீரலில் எதுவும் மாறவில்லை, வகுக்கும் எண்தான் மாறியது.

ஆனால் இங்கே இன்னொரு கோளாறு இருக்கிறது. என் கண்ணுக்கு அது இதைவிடப் பெரியது. 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் குறை என்ற கோட்டை யார் போட்டது? நினைவில் நிற்க வசதியான ஒரு முழு எண் என்பதைத் தவிர அதற்குப் புள்ளியியல் நியாயம் எதுவும் இல்லை. ஆரோக்கியமானவர்கள் எல்லோரும் சராசரியில் நிற்க மாட்டார்கள், மேலும் கீழும் சிதறித்தான் இருப்பார்கள். அந்தச் சிதறலையும் சேர்த்து, ஆரோக்கியமான 100 பேரில் 5 பேர் மட்டுமே எதற்குக் கீழே வருவார்களோ அதைக் ‘கீழ் எல்லை’ என்று வைப்பதுதான் சரியான முறை. 2005-லேயே அமெரிக்க, ஐரோப்பிய நெஞ்சக மருத்துவச் சங்கங்கள் இதைத்தான் சொல்லிவிட்டன. ஈ.சி.எஸ்.சி.யில் ஆண்களின் எஃப்.வி.சி.க்குச் சிதறல் 0.61 லிட்டர். அந்த 5 பேரைப் பிரிக்கும் கோடு சராசரிக்குக் கீழே 1.64 சிதறல் தூரத்தில் இருக்கும், பெருக்கினால் 1.00. ஆக 3.81-லிருந்து 1.00 போனால் கீழ் எல்லை 2.81. அப்பாவின் 2.90 அதற்கு மேலேதான் இருக்கிறது. இந்தியத் திருத்தம் எதுவும் போடாமலே, முதல் லேபின் கணக்கிலேயே, அவர் எல்லைக்குள்தான். ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என்று அச்சடித்தது அந்த 80 தான்.

அதே சமன்பாட்டை 25 வயது, 180 செ.மீ. உள்ள பையனுக்குப் போட்டுப் பாருங்கள். கீழ் எல்லை, எதிர்பார்க்கும் அளவில் 81% வரும். 70 வயது, 148 செ.மீ. உள்ள பாட்டிக்குப் பெண்களுக்கான சமன்பாட்டைப் போட்டால் 62%. எல்லோருக்கும் ஒரே 80 என்றால் வயதான, குள்ளமான பெண்களை வீணாக நோயாளி ஆக்குகிறோம். உயரமான இளைஞர்களிடம் நோய் தொடங்கியிருந்தால் கோட்டைவிடுகிறோம்.

மலைக்கோட்டை
செவ்வாய், காலை 8:05

நெஞ்சக மருத்துவராக என் அனுபவத்தையும் சொல்கிறேன். அந்த 10% திருத்தத்தைச் சிலர் ஏமாற்று வேலை என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. சில வருஷம் முன்பு 29 வயது ஃபிட்டர் ஒருவர் வந்தார். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுத்த இடத்தில் எஃப்.வி.சி. 77% என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தினமும் கபடி ஆடுகிற உடம்பு. எக்ஸ்ரே சுத்தம், சி.டி.யும் சுத்தம். விசாவுக்கு வட்டிக்கு வாங்கிய பணம் போயிற்று. அவரை அளந்த கோல் ஐரோப்பியருடையது, அதுதான் கதை.

நம் ஊர் அளவுகளே இல்லாமலும் இல்லை. சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில் ஆரோக்கியமானவர்களை அளந்து 1990-ல் வெளியிட்டார்கள். 247 பேர், ஆண் 130, பெண் 117. நல்ல வேலை. ஆனால் வயது 15 முதல் 40 வரைதான். இந்த அப்பாவுக்கு 52. நாற்பதோடு நிற்கிற கோட்டை நாமாக நீட்டி 52-க்குக் கொண்டுபோகக் கூடாது, ஏனென்றால் வயதாக ஆக இறங்கும் வேகம் ஒரே மாதிரி இருப்பதில்லை. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சண்டிகர் என்று மற்ற ஊர்களிலும் செய்திருக்கிறார்கள். ஒரு பகுதிச் சமன்பாட்டை இன்னொரு பகுதி ஆளுக்குப் போட்டால் விடை வேறாக வருகிறது.

ஆலைத்தோழர்
செவ்வாய், மதியம் 1:30

டாக்டர் சார், ஒரு தொழிற்சங்கக்காரனாகக் கேட்கிறேன். திருத்தத்தால் ஃபிட்டர் தம்பிக்கு வேலை கிடைத்திருக்கும், சரி. ஆனால் பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டவன் நஷ்டஈடு கேட்டுப் போகும்போது அதே திருத்தம் அவனுக்கு எதிராக நிற்கிறதே? ‘84%, நார்மல்’ என்று ஒரு தாளைக் காட்டினால் முடிந்தது. பிசினோசிஸ் (பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்) சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருந்து என்ன, கோல் சுருங்கிவிட்டால் ஆள் பட்டியலுக்குள் வரவே மாட்டானே.

சராசரிப்புள்ளி
செவ்வாய், மாலை 7:10

தோழர் கேட்டது வெறும் சந்தேகம் இல்லை, வரலாற்றில் நடந்தது. அமெரிக்காவில் 1978-ல் பருத்தித் தூசிக்கான அரசு விதி வந்தபோது, கறுப்பினத் தொழிலாளர்களுக்கு எதிர்பார்க்கும் அளவை 0.85-ஆல் பெருக்கிக்கொள்ளச் சொல்லி அந்த விதியிலேயே எழுதினார்கள். ஒரே ஆலையில், ஒரே தூசியில் நிற்கும் இரண்டு பேரில் கறுப்பினத்தவர் கூடுதலாக மூச்சை இழந்தால்தான் ‘குறைவு’ என்று கணக்கில் வந்தார்.

வேர் இன்னும் பழையது. லண்டனில் ஜான் ஹட்சின்சன் 1846-ல் தன் ஸ்பைரோமீட்டரை வைத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்தார். மாலுமிகள், போலீஸ்காரர்கள், ஏழைகள் என்று பல தரப்பு. உயரம் ஏற ஏற அளவும் ஏறுகிறது, வயது கூடக் கூட இறங்குகிறது என்று கண்டவர் அவர்தான். இன்றைய எல்லாச் சமன்பாடுகளும் அங்கிருந்து வந்தவைதான். அடுத்த சில வருஷங்களிலேயே சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்கத் தோட்ட மருத்துவர் அடிமைகளை அளந்து, வெள்ளையரைவிட 20% குறைவு, ஆகவே இது பிறவிக் குணம், அடிமை உழைப்பு அவர்கள் உடம்புக்கு நல்லது என்று எழுதினார். என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை.

ஈ.சி.எஸ்.சி. கதையும் கேளுங்கள். பெயரே சொல்கிறதே, முதலில் அளந்தது நிலக்கரிச் சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் வேலை பார்த்த ஆண்களை. பெண்களுக்குத் தனியாக அளக்காமல், ஆண்களின் அளவில் 80% என்று வைத்தார்கள். பிற்பாடு 1983, 1993 பதிப்புகளில் திருத்தினார்கள். உடுமலை அப்பாவின் ரிப்போர்ட்டில் அச்சான எண்ணுக்கு இப்படி ஒரு வம்சாவளி உண்டு.

யாழ்வாசி
செவ்வாய், இரவு 9:00

இலங்கையிலும் இதே சிக்கல்தான். 1995 அளவில் வந்த நல்ல ஆய்வொன்று இருக்கிறது, புகைக்காத ஆரோக்கியமான பெரியவர்கள். ஆனால் சிங்கள இனத்தவர் மட்டும். நாங்கள் வடக்கில் ஒருவரை அளந்துவிட்டு எதோடு ஒப்பிடுவது என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இனம் என்று பிரிக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்பதையும் யாராவது சொல்லுங்கோ.

மலைக்கோட்டை
செவ்வாய், இரவு 10:40

யாழ்வாசி தொட்டது சரியான இடம். 2012-ல் உலக நுரையீரல் செயல்பாட்டு முயற்சி, ஜி.எல்.ஐ., 26 நாடுகளைச் சேர்ந்த 74,187 புகைக்காத ஆரோக்கியமானவர்களை வைத்து 3 வயது முதல் 95 வயது வரைக்குமான சமன்பாடுகளை வெளியிட்டது. அதுவரை இப்படி ஒன்று இருந்ததில்லை. ஆனால் அதிலும் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர், மற்றவை என்றுதான் பிரிவு. நூறு கோடிக்கு மேல் மக்கள் உள்ள நமக்குத் தனி இடம் இல்லை, நாம் ‘மற்றவை’க்குள் போக வேண்டும்.

2022-ல் இனப் பிரிவையே எடுத்துவிட்டு, எல்லாக் குழுக்களுக்கும் சம எடை கொடுத்து ஒரே சமன்பாடு கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷமே அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் அதையே பயன்படுத்தச் சொன்னது. இனம் வேண்டாம் என்பதற்கு நானும் மெல்ல மெல்லத் தலையாட்டிக்கொண்டு வருகிறேன். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் அதை இயந்திரம் மாதிரி பயன்படுத்தினால் என் ஃபிட்டர் தம்பி மறுபடி வெளியே நிற்பார். அந்தப் பயம் எனக்குப் போகவில்லை.

சராசரிப்புள்ளி
புதன், காலை 6:30

டாக்டருக்கு ஒரு கேள்வி. நமக்குக் குறைவாக இருப்பது ஏன்? 17 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்று 2013-ல் வந்தது. வயது, உயரம், பாலினம் எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் தெற்காசியர்களின் எஃப்.இ.வி.1 வட அமெரிக்கா, ஐரோப்பாவைவிடச் சுமார் 31% குறைவு. 10% திருத்தம் எந்த மூலைக்கு? கால் நீளத்துக்கும் உடல்நீளத்துக்கும் உள்ள விகிதம் ஒரு பங்கை விளக்கும். மீதி? இந்தியாவில் நகரம், அரைநகரம், கிராமம் என்று பிரித்துப் பிள்ளைகளை அளந்து 2015-ல் வெளியிட்டார்கள். வசதியான நகரத்துப் பிள்ளைகளின் அளவு இங்கிலாந்தில் வளரும் இந்தியப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டச் சமம். அரைநகர, கிராமத்துப் பிள்ளைகளுக்குத்தான் குறைவு. ஒரே இனம்தானே? அப்படியென்றால் நாம் ‘இந்திய நார்மல்’ என்று சொல்வதில் எவ்வளவு உடம்பின் இயல்பு, எவ்வளவு சிறுவயதில் சாப்பாடு போதாததும் அடுப்புப் புகையும்?

மலைக்கோட்டை
புதன், காலை 11:20

அங்கேதான் சராசரிப்புள்ளி, மாதிரியைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாடு. ‘ஆரோக்கியமான, புகைக்காத’ என்று எழுதுவது சுலபம். நான் முதுகலை படித்த காலத்தில் கிராமத்தில் ஆள் சேர்க்கப் போயிருக்கிறோம். ஒரு திண்ணையில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல். ஒருவர்கூடப் பீடி தொட்டதில்லை. இருமல் உண்டா? இல்லை. காசநோய் வந்ததா? இல்லை. விறகடுப்பில் சமைத்தீர்களா? எட்டுப் பேரும் ஆமாம். பன்னிரண்டு வயதிலிருந்து என்றார் ஒரு அம்மா. ஊதாங்குழலைக் கொண்டுவந்து காட்டினார், நுனி கறுத்திருந்தது. ‘இதத்தான தினமும் ஊதுறேன், உங்க குழாயையும் ஊதுறேன், குடுங்க’ என்றார். நன்றாகவே ஊதினார்.

அவரைச் சேர்ப்பதா, விடுவதா? சேர்த்தால் புகை பட்ட நுரையீரலை ‘நார்மல்’ என்று எழுதுகிறோம். விட்டால் அந்த ஊரில் அந்த வயதில் பெண்ணே மிஞ்ச மாட்டார். டவுனில் கேஸ் அடுப்புப் பெண்களை மட்டும் அளந்து கிராமத்துக்கு அளவுகோல் செய்ய வேண்டிவரும். எழுபதைத் தாண்டியவர்களில் எந்தக் குறையும் இல்லாத ஆளைத் தேடுவது அதைவிடக் கஷ்டம், அதனால்தான் பெரும்பாலான ஆய்வுகளில் அந்த வயதில் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பார்கள்.

சராசரிப்புள்ளி
புதன், மதியம் 12:05

அந்தப் பெண்களைச் சேர்க்க வேண்டும், ஆனால் தனியாக அடையாளம் போட்டு வைக்க வேண்டும் என்பேன். இரண்டு கோடுகளையும் வரைந்து காட்டினால் நடுவிலிருக்கும் இடைவெளிதான் புகையின் கணக்கு. அதை மறைத்து ஒரே கோடாக்குவதுதான் தப்பு.

எண்ணிக்கையும் முக்கியம். ஏற்கெனவே உள்ள சமன்பாடு நம் ஊருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவே ஆண் 150, பெண் 150 வேண்டும் என்று 2011-ல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அறுபது, எழுபது பேரை வைத்துக்கொண்டு ‘எங்கள் மாவட்ட நார்மல்’ என்று கட்டுரை எழுதினால் வெறும் தற்செயலை அளந்ததாகிவிடும்.

மூச்சுமாணி
புதன், இரவு 9:15

எல்லாம் சரி, ஆனால் அளக்கும் அறை சரியில்லையென்றால் எந்தச் சமன்பாடும் உதவாது. தினமும் காலையில் 3 லிட்டர் சிரிஞ்சால் மெஷினைச் சோதிக்க வேண்டும், 3% தாண்டக் கூடாது. மூக்குக் கிளிப், நிமிர்ந்த முதுகு, இறுக்கிய பெல்ட் தளர வேண்டும். ‘இழுங்க இழுங்க இழுங்க… டப்புனு ஊதுங்க… விடாதீங்க இன்னும் இன்னும் இன்னும்’ என்று கூடவே கத்த வேண்டும். நாலாவது ஆளுக்கு மேல் தொண்டை போய்விடும், ஆனால் கத்தவில்லையென்றால் பாதிப்பேர் மூன்றாவது நொடியில் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பாதி மூச்சும் யாரோ ஒருவருடைய ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்’ ஆகிவிடும்.

தங்கச்சி, அப்பாவுக்குப் பழைய ஸ்பைரோமெட்ரி ஏதாவது இருக்கிறதா? நன்றாகத் தேடிப் பாருங்கள். வேலைக்குச் சேரும்போதோ, கேம்ப்பிலோ எடுத்தது.

உடுமலை நூல்மகள்
வியாழன், இரவு 8:30

கிடைத்தது அண்ணா! ரேஷன் கார்டு கவருக்குள் நாலாக மடித்து இருந்தது. 9 வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்த இலவச கேம்ப்பில் எடுத்தது. பாதி எழுத்து வெளுத்துவிட்டது, லைட்டுக்கு எதிரே பிடித்துத்தான் படித்தேன். எஃப்.இ.வி.1 2.95 லிட்டர். அப்போது 43 வயது. அந்த வருஷம் ஊதியது அப்பாவுக்கே ஞாபகம் இல்லை.

சராசரிப்புள்ளி
வியாழன், இரவு 9:05

2.95-லிருந்து 2.35. ஒன்பது வருஷத்தில் 600 மில்லி, வருஷத்துக்கு 67 மில்லி. ஈ.சி.எஸ்.சி. கணக்கில் ஆண்களுக்கு வயதால் இறங்குவது வருஷத்துக்கு 29 மில்லி. அந்த வேகத்தில் போயிருந்தால் இன்று 2.69 இருந்திருக்க வேண்டும். 340 மில்லி கூடுதலாகப் போயிருக்கிறது.

இந்தக் கணக்கில் அந்த 29-ஐத் தவிர ஐரோப்பியரும் இல்லை, இந்தியத் திருத்தமும் இல்லை. அப்பாவை அப்பாவோடேயே ஒப்பிட்டிருக்கிறோம். 76-ம் 84-ம் சொல்லாததை ரேஷன் கார்டு கவரில் இருந்த தாள் சொல்லிவிட்டது.

மலைக்கோட்டை
வியாழன், இரவு 10:00

கேம்ப் மெஷின் எப்படி இருந்ததோ என்ற எச்சரிக்கையோடு சொல்கிறேன்: அலட்சியம் செய்யக் கூடாத இறக்கம். பிசினோசிஸில் லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு இறுகும், அடுத்தடுத்த நாள் கொஞ்சம் விடும். அப்பாவிடம் இதைக் கேளுங்கள். அன்றைக்கு ஷிப்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை எஃப்.இ.வி.1 எடுங்கள். 5 சதவீதமோ 200 மில்லியோ இறங்கினால் கவனிக்க வேண்டும். அமெரிக்க விதி அதே அளவைத்தான் வைத்திருக்கிறது.

ஆலைத்தோழர்
வியாழன், இரவு 10:20

புத்தகத்தில் ‘திங்கட்கிழமை’ என்று போட்டிருக்கும். நம் மில்களில் ஞாயிறும் ஓடும், வார லீவு ஆளுக்கு ஒரு நாள். அப்பாவுக்கு எது லீவோ அதற்கு மறுநாள்தான் அவருடைய திங்கட்கிழமை.

உடுமலை நூல்மகள்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:45

அப்பாவுக்கு வியாழக்கிழமை லீவு. வெள்ளி காலை ஷிப்டுக்கு முன் 2.38, முடிந்து வந்ததும் 2.14. புருவத்தில் பஞ்சு ஒட்டியபடியே நேராக லேபுக்கு வந்தார். 240 மில்லி இறக்கம், 10 சதவீதம். லீவு முடிந்த நாளில் நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கும் என்று ஆறேழு வருஷமாகவே அவருக்குத் தெரியுமாம், யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

டாக்டர் புளோரூமை விட்டு மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார். இ.எஸ்.ஐ.யில் காட்டத் தோழர் வழி சொல்லியிருக்கிறார். பழைய தாளையும் கூட வைக்க வேண்டும். அது இன்னும் வெளுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. லேமினேட் செய்துவிடட்டுமா?

மூச்சுமாணி
ஞாயிறு, மாலை 6:02

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. அது தெர்மல் பேப்பர், சூடு பட்டால் முழுசும் கறுத்துவிடும். இன்றைக்கே போனில் தெளிவாக ஒரு படம் எடுங்கள், ஜெராக்ஸ் மூன்று போடுங்கள். ஜெராக்ஸில் தேதி, அப்பாவின் வயது, உயரம், லிட்டர் அளவுகள், எந்தச் சமன்பாடு என்று தெரிந்தால் அதையும் பேனாவால் எழுதி வையுங்கள். புது ரிப்போர்ட்டுகளுக்கும் அப்படியே. சதவீதத்தை எழுத மறந்தாலும் பரவாயில்லை, லிட்டரை விட்டுவிடாதீர்கள்.